தாத்தாவின் விவசாய வாழ்க்கையைப் பதிவு செய்யணும்: யாரிடம் என்ன கேட்பது?

தெம்பனிஸ் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கடைசிவரை விவசாயம் பார்த்த எங்க தாத்தா போன வருஷம் தவறிட்டார். வருஷ திவசத்துக்கு ஊருக்குப் போறப்போ பாட்டி, பெரியப்பா, பழைய ஆட்கள் எல்லார்கிட்டயும் பேசிப் பதிவு பண்ணி, இங்கே சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகமா போட எண்ணம். போனில் கேட்டுப் பார்த்தா "ரொம்பக் கஷ்டப்பட்டார், ஊருக்கே ஒத்தாசையா இருந்தார்" என்பதோடு பேச்சு நின்னுடுது. இதை எந்தத் தாத்தாவுக்கு வேணும்னாலும் எழுதலாமே.

கையில் இருக்கிற விவரம்: ஜாதகத்தில் பிறந்தது தாது வருஷம் பங்குனி மாசம். பாட்டிக்கு வயசு 82, காது கொஞ்சம் மந்தம். தாத்தாவோட தம்பி ராஜுலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர்; அவர் வீட்டில் ஊர்க் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கு. பெரியப்பா "ரெண்டு வேலி பண்ணினோம்" என்கிறார் (வேலிங்கிறது பழைய நில அளவு), ஆனா பட்டாவில் 1.62.0 ஹெக்டேர்தான் இருக்கு. இது எப்படி? எதிலிருந்து தொடங்கலாம்?

---

கண்டுமுதல்:

"தாத்தா எப்படி வாழ்ந்தார்?" என்று கேட்டால் இரங்கல் உரைதான் பதிலாக வரும். ஒரே ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரே ஒரு போகத்தை விதையிலிருந்து பத்தாயம் (நெல் சேமிக்கும் பெட்டி) வரை கேளுங்கள். டெல்டாவில் வயல்களுக்குப் பேர் உண்டு. "நாலுமா", "பள்ளத்து வயல்" என்று அந்தப் பேரைச் சொல்லித் தொடங்கினாலே பெரியப்பாவின் பேச்சு மாறிவிடும்.

விதைநெல் எதில் இருந்தது? எத்தனை மரக்கால் (நெல் அளக்கும் முகத்தல் அளவு)? எவ்வளவு நேரம் ஊறியது, முளைகட்டியது யார்? ஊறவைத்த நெல்லைச் சாக்கில் கட்டி இருட்டில் வைப்பார்கள். அதிக நேரம் ஊறினால் புளித்து நாறும். சாக்குக்கு அவ்வப்போது தண்ணீர் தெளிக்காவிட்டால் உள்ளே சூடேறி முளை வெந்துபோகும். "ஒரு தடவையாவது முளை வெந்து போச்சா? அப்போ விதைக்கு யார் வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யார் யாருக்கு விதை கொடுத்தார்கள் என்பதில்தான் ஊர் உறவு முழுக்க இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணை 1934-இல் வந்தது. ஜூன் 12 திறப்பு என்பது வழக்கமான கணக்கு. அணை திறந்து எத்தனை நாளில் உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, வயல் தலைமடையா (வாய்க்காலின் தொடக்கம்) கடைமடையா (கடைசி), முறை வைத்துப் பாய்ச்சியது யார் பொறுப்பு, ராத்திரி மடையை யாராவது வெட்டிவிட்டால் பஞ்சாயத்து எங்கே நடந்தது என்பதையெல்லாம் கேளுங்கள். தண்ணீர் தாமதமானால் நாற்று முத்திவிடும். குறுவை (குறுகிய காலப் போகம்) நாற்றை 21 முதல் 25 நாளில் பறிக்க வேண்டும். முத்திய நாற்று நட்டால் தூர் கட்டாது, கண்டுமுதல் (கிடைக்கும் விளைச்சல்) குறையும். "நாத்து முத்திப் போன வருஷம்" என்று ஒன்று எல்லா விவசாயிக்கும் நினைவிருக்கும். அதைப் பிடியுங்கள்.

அளவுகளை அவர்கள் சொன்னபடியே எழுதிவிட்டு, பக்கத்தில் மாற்றுக் கணக்கு போடுங்கள். 2 மரக்கால் ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். அதாவது 12 மரக்கால் ஒரு கலம். தஞ்சைப் பக்கம் ஒரு கலம் நெல் ஏறக்குறைய 28, 29 கிலோ, 2 கலம் ஒரு மூட்டை. ஒரு மா நிலத்துக்கு 10 கலம் கண்டது என்றால், 3 மா ஒரு ஏக்கர் என்பதால் ஏக்கருக்கு 30 கலம், கிட்டத்தட்ட 860 கிலோ. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபடும், அளக்கிற மரக்காலும் கூலி மரக்காலும் ஒரே வீட்டில்கூட வேறாக இருந்தது உண்டு. "உங்க மரக்காலுக்கு எத்தனை படி? தலை தட்டியா, குவிச்சா?" என்று கேட்காமல் கிலோவுக்கு மாற்றாதீர்கள். பழைய மரக்கால் வீட்டில் கிடந்தால் தண்ணீர் ஊற்றி லிட்டரில் அளந்துவிடுங்கள், சண்டையே இல்லை. பெரியப்பாவை அதில் நெல் அளக்கச் சொல்லி ஒலிப்பதிவும் செய்யுங்கள். ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி "லாபம், ரெண்டு, மூணு" என்று அந்த இழுவையோடு எண்ணுவதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

வருஷம் தெரியாதபோது நெல் ரகத்தைக் கேளுங்கள். ஆடுதுறை 27 குறுவைக்கு வந்தது 1960-களின் நடுவில்; ஐ.ஆர். 8 வெளியானது 1966-இல், வயலுக்கு வந்தது அதற்குப் பின். வெள்ளைப் பொன்னி 1986. பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு: பொன்னியின் பெற்றோர் ரகங்களில் ஒன்று மலாயாவின் மாயாங் எபோஸ் என்ற நெல். இங்கே மலாயாப் பக்கத்திலிருந்து ஊருக்குப் போனது பணம் மட்டும் இல்லை.

---

பசலிக் கணக்கு:

நிலக் கணக்குக்கு மட்டும் பதில் சொல்றேன்.

முதல்ல பிறந்த தேதி. தாது வருஷம் 1936 ஏப்ரலில் தொடங்குது, ஆனா பங்குனி அதோட கடைசி மாசம். அப்படின்னா தாத்தா பிறந்தது 1937 மார்ச்-ஏப்ரலில். வருஷப் பேரை மட்டும் பார்த்து 1936-ன்னு போட்டுடாதீங்க. தை முதல் பங்குனி வரைக்கும் எப்பவும் ஒரு வருஷம் கூடும். இந்தத் தப்பு அச்சடிச்ச குடும்ப வரலாறுகளில் சர்வசாதாரணமா இருக்கு.

இப்போ ரெண்டு வேலி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. உங்க பக்கத்துக் கணக்குல ஒரு மா சுமார் 33 சென்ட். அப்போ ரெண்டு வேலி 40 மா, பதிமூணு ஏக்கருக்கு மேலே. பட்டாவில் இருக்கிற 1.62.0 ஹெக்டேர் 4 ஏக்கர், அதாவது 12 மா. மிச்சம் 28 மா எங்கே போச்சுங்கிறதுதான் உங்க புத்தகத்தோட பாதி அத்தியாயம்.

பெரியப்பா பொய் சொல்லலை. "பண்ணினோம்"னா சாகுபடி பண்ணினோம்னு அர்த்தம், சொந்தம்னு இல்லை. அந்தப் பக்கத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. குத்தகைக்கு எடுத்திருந்தா பட்டா கோயில் பேரில்தான் இருக்கும், தாத்தா பேர் அடங்கல்ல (வருஷாவருஷம் பயிர் எழுதுற கிராமக் கணக்கு) சாகுபடிதாரரா வந்திருக்கும். 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிஞ்சிருந்தா தாலுகா அலுவலகத்தில் அதுக்குத் தனிப் பதிவேடு உண்டு. இன்னொரு வழி பாகப்பிரிவினை: அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் பேரிலும் தனிப் பட்டா ஆகியிருக்கலாம். சிங்கப்பூர்த் தம்பி பங்கை யார் உழுதாங்கன்னு கேளுங்க. மூணாவது, வித்தது. அதுக்கு வில்லங்கச் சான்று (சொத்து கைமாறின விவரம்) போட்டுப் பார்க்கணும்.

சர்வே எண் தெரிஞ்சா அ-பதிவேட்டை (ஊரோட நிலப் பதிவேடு) அரசு மின்சேவைத் தளத்தில் இங்கிருந்தே பார்க்கலாம். சிக்கல் எங்கே வரும்னா, 1980-கள்ல நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் பல ஊர்கள்ல எண் மாறிடுச்சு, உட்பிரிவும் கூடிடுச்சு. பழைய பத்திரத்தில் இருக்கிற எண்ணை அப்படியே போட்டா வேறொருத்தர் வயல் வரும். பழைய எண், புதிய எண் ரெண்டையும் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஒத்துப் பாருங்க. அதோட பழைய பத்திரத்தில் தஞ்சாவூர் ஜில்லான்னுதான் இருக்கும். 1991-ல் நாகப்பட்டினம் பிரிஞ்சுது, 1997-ல் திருவாரூர். தேடுறப்போ இதை மனசில் வச்சுக்கோங்க.

அடங்கல் கிடைச்சா அதில் பசலி ஆண்டுதான் (நில வருவாய்க் கணக்குக்கான ஆண்டு) போட்டிருக்கும். பசலியோட 590 கூட்டினா அது தொடங்குற ஆங்கில ஆண்டு வரும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலி 1378-ன்னா 1968 ஜூலை முதல் 1969 ஜூன். ஒவ்வொரு வருஷமும் எந்த வயல்ல என்ன பயிர்ங்கிறது அதில் வரிவரியா இருக்கும். பழைய அடங்கல் எல்லா ஊர்லயும் தப்பிப் பிழைச்சிருக்காது, எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீங்க.

---

யீஷூன் ஒலிப்பதிவு:

பேத்தி, ஊருக்குப் போறவரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க தாத்தாவோட வாழ்க்கைக்குத் தேதி போட்ட சாட்சி அந்த பிஸ்கட் டின்னில்தான் இருக்கு. ஊரிலிருந்து இங்கே எழுதின கடிதம் இங்கேதான் இருக்கும், ஊரில் தேடினா கிடைக்காது. நலம் நலமறிய ஆவலுக்கு அடுத்த ரெண்டு வரியில் மழை, தண்ணி, மாடு, நெல் விலை வந்துடும்.

இன்லாண்ட் மாதிரி மடிக்கிற வான்வழிக் கடிதத்தில் ஓர மடிப்பிலயும் நெருக்கி எழுதியிருப்பாங்க. அதனால விரிச்சு எல்லாப் பக்கத்தையும், முத்திரை விழுந்த பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுங்க. 300 டிபிஐ போதும், பென்சில் எழுத்து மங்கியிருந்தா 600. கிழிஞ்சிருந்தா செலோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் கூடவே கூடாது. பசை நாளடைவில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னுடும். சிங்கப்பூர் ஈரப்பதத்துக்குக் காத்துப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போட்டு வைங்க.

பதிவு பண்றதுக்கு: காணொளி அழைப்பைப் பதிவு பண்ணினா குரல் விட்டுவிட்டு வரும். இங்கிருந்தே பேசணும்னா ஊரில் யாராவது ஒரு பையன்கிட்ட ரெண்டு போன் வைக்கச் சொல்லுங்க. ஒண்ணில் நீங்க பேசுவீங்க, இன்னொண்ணு விமானப் பயன்முறையில் பாட்டி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மடிச்ச துண்டுமேல பதிவாகிட்டே இருக்கணும். ஊரில் சாயங்காலம் 4 மணின்னா நமக்கு 6.30, வேலை முடிஞ்சு உட்கார வசதியான நேரம். மின்விசிறியை நிறுத்தணும், டிவியையும்தான். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுறவர் பேரைச் சொல்லிடுங்க. முக்கால் மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க. கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பினா ஆவணமா இணைச்சு அனுப்பச் சொல்லுங்க, சாதாரணமா அனுப்பினா படமும் காணொளியும் சுருங்கிப் போயிடும்.

காது மந்தம்னா கத்திக் கேட்காதீங்க. கேள்வியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டுங்க, வாசிக்கத் தெரியாதுன்னா பொருளையே கையில் கொடுங்க. கருக்கரிவாளைக் கொடுத்தா அதைப் பத்தி பேச்சு தானா வரும்.

பெரிய கெடுதல் என்னன்னா கூட்டமா உட்கார வச்சுப் பேசுறது. பாட்டி ஒண்ணு சொல்ல, பெரியப்பா "அதில்லம்மா"ன்னு திருத்த, பாட்டி வாயை மூடிக்குவாங்க. தனித்தனியா எடுங்க. ரெண்டு பேரும் வேற வேற சொன்னா ரெண்டையும் போடுங்க.

---

அங் மோ கியோ மல்லிகா:

மேலே எல்லாரும் வயலையே சுத்திச் சுத்தி வர்றீங்க. களத்துக்கு அப்புறம் நெல் யார் கைக்குப் போச்சு? பாட்டிகிட்ட தாத்தாவைப் பத்தி மட்டும் கேட்காம பாட்டி வேலையைக் கேளுங்க, தங்கச்சி.

நெல் அவிக்கிறது ஒண்ணே போதும் ஒரு சாயங்காலம் பேச. ஒரு அவியலா, ரெண்டு அவியலா? அண்டாவா, மண்பானையா? அடுப்பு எங்கே, எரிக்க உமியா, சுள்ளியா? உமி வாய் திறக்கிறதைப் பார்த்து இறக்கணும். முந்தினா அரிசி நடுவில் வெள்ளை நிக்கும், பிந்தினா கொழகொழன்னு போயிடும். ஊறின தண்ணியை நாள் கணக்கா மாத்தாம விட்டா சோத்திலேயே வாடை அடிக்கும். அப்புறம் காய வைக்கிறது. முத்தத்தில் பரப்பி, காலால கோடு கோடாக் கிளறிவிட்டுக்கிட்டே இருக்கணும். உச்சி வெயில்ல ஒரேயடியா காய விட்டா அரிசியில் கீறல் விழுந்து, உலக்கை பட்டதும் நொய்யாப் போகும். ஈரமா அள்ளினா பத்தாயத்தில் சூடேறிப் பூஞ்சை. பதம் பார்க்க ரெண்டு நெல்லைப் பல்லில் வச்சுக் கடிப்பாங்க. அந்தச் சத்தம் எப்படி இருக்கணும்னு பாட்டியைக் கேளுங்க, கையில் நெல்லைக் கொடுத்துக் கடிக்கவே சொல்லுங்க, பல் இருந்தா.

ரைஸ் மில் எப்போ வந்துச்சு, அது வந்ததும் குத்துக்கூலிக்கு வந்த பொம்பளைங்க என்ன ஆனாங்கன்னும் கேட்டுடுங்க. நடவு அன்னிக்கு எத்தனை பேருக்குச் சோறு போச்சு, யார் யாருக்கு எதில் போட்டாங்க, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாங்க? இந்தக் கேள்விக்கு ஆம்பளைங்ககிட்ட பதில் இருக்காது.

---

களத்துமேடு:

மல்லிகா அக்காவின் கடைசிக் கேள்வி முக்கியமானது. "ஊருக்கே ஒத்தாசையா இருந்தார்" என்பதை அப்படியே அச்சில் போடுவதற்கு முன், அந்த வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள் வீட்டிலும் கேட்க வேண்டும். பேத்தி "பழைய ஆட்கள்" என்று எழுதியிருக்கிறார். அவர்களை அவர்கள் தெருவில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு வரச்சொன்னால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

தாத்தாவுக்கு 15 வயது ஆனபோது, 1952-இல், தஞ்சாவூர் பண்ணையாள் (நிலக்காரரிடம் கட்டுப்பட்டு உழைத்த ஆட்கள்) பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 30-இல் பெரும் புயலும் அடித்தது. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி: கூலி நெல் தகராறின் தொடர்ச்சியாக 44 தலித் மக்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது தாத்தாவுக்கு 31 வயது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் பயிரிட்ட எந்தக் குடும்பமும் அந்த நாளைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்காது. அந்த வருஷம் உங்கள் களத்தில் அறுப்புக் கூலி என்ன, எந்த மரக்காலில் அளந்தார்கள், உயர்த்தியது எப்போது என்று நேராகவே கேளுங்கள். பெரியப்பாவுக்குப் பிடிக்காமல் போகலாம். கேட்காமல் விட்டால் உங்கள் புத்தகத்தில் தாத்தா தனியாக நின்று விவசாயம் செய்ததாக ஆகிவிடும்.

களத்தில் நெல் வீட்டுக்குப் போவதற்கு முன்பே பிரிந்துவிடும். அறுப்புக் கூலி, பிறகு தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார், காவல்காரர், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் மேரை, அதாவது களத்திலேயே கொடுக்கும் நெல் பங்கு. யாருக்கு எத்தனை மரக்கால், யார் முதலில், யார் கடைசி என்ற வரிசையை வாங்கிவிட்டால் கிராமத்தின் மேல் கீழ் அத்தனையும் அதில் வந்துவிடும். அறுப்புக்குப் பிறகு தரிசில் கிடை போட (உரத்துக்காக ராத்திரி ஆடுகளை வயலில் அடைக்க) ஆடு ஓட்டி வந்த ராமநாதபுரத்துக் கீதாரிகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு ராத்திரிக் கிடைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

உறவுக்கு இன்னொரு ஆவணம்: வீட்டில் மொய் நோட்டு இருக்கும், பரணில் தேடுங்கள். பெயர், ஊர், தொகை என்று பக்கம் பக்கமாக இருக்கும். முதல் வரியில் பெரும்பாலும் தாய்மாமன். அத்தையின் கல்யாண நோட்டையும் பத்து வருஷம் கழித்து நடந்த சித்தப்பா கல்யாண நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் திருப்பிச் செய்தார், யார் வராமல் போனார், எந்த ஊரோடு போக்குவரத்து நின்றது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பழைய நோட்டில் தொகை ரூபாய், அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தைய பழக்கம், ஆனால் கிராமத்தில் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அணாவில் எழுதினார்கள். அதை மட்டும் வைத்து வருஷம் தீர்மானிக்க வேண்டாம்.

---

தெம்பனிஸ் பேத்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியப்பாகிட்ட இப்பவே கேட்டேன், 28 மாவும் கோயில் குத்தகைதானாம், "அது தெரியாதா உனக்கு" என்கிறார்! மொய் நோட்டும் இருக்காம். அதை அப்படியே படம் எடுத்துப் புத்தகத்தில் போடலாமா? அப்புறம் எத்தனை பிரதி போடுறது, இங்கேயா ஊரிலயா?

---

களத்துமேடு:

ஸ்கேன் முழுக்க எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் தொகை தெரியக்கூடாது. 5 ரூபாய் எழுதினவர் பேரன் இன்று உங்களுக்குப் பக்கத்து புளோக்கில் இருப்பார். ஊர்ப் பெயர்களை மட்டும் எடுத்து ஒரு வரைபடத்தில் குறித்தால் போதும், உறவு எத்தனை மைல் நீண்டது என்று தெரிந்துவிடும். ஆட்களின் கூலி விவரமும் அப்படித்தான்: அளவைப் போடுங்கள், பெயரை அவர்கள் சம்மதித்தால் மட்டும்.

---

யீஷூன் ஒலிப்பதிவு:

குறைஞ்ச பிரதின்னா இங்கேயே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் அச்சடிச்சுக்கலாம். நூத்துக்கு மேல போனா ஊரில் அடிச்சு எடுத்துட்டு வர்றது மலிவு, ஆனா பெட்டி எடை பாருங்க. தமிழ் எழுத்துரு உடையாம இருக்க பிடிஎஃப்-ஆ மாத்தி, எழுத்துருவை உள்ளே பதிச்சுக் கொடுங்க. வேர்ட் கோப்பைக் கொடுத்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும். முதல்ல ஒரே ஒரு பிரதி எடுத்து, பெரியப்பாகிட்டயும் மேரை சொன்னவங்ககிட்டயும் காட்டி, பேரும் அளவும் சரிபார்த்துட்டு மிச்சத்தை அடிங்க.